தோண்டுவதற்கு முன் ஒரு குழி: மன்னார் மண்ணுக்குக் கணக்கு எங்கே?

மன்னார் தீவில் இல்மனைட் மணல் தேடி அவுஸ்திரேலிய நிறுவனமொன்று பல வருடங்களாகத் துளையிட்டு வந்ததும், அதற்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதும் வாசகர்கள் அறிந்தவையே. அந்தத் துளைகள் தேடியது கனியத்தை. மேலே இருக்கும் மண்ணைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. அதற்கு வேறொரு ஆய்வு வேண்டும். அதுதான் மண் அளவை.

மண் அளவை செய்பவர் முதலில் செய்மதிப் படத்தையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு மணல்மேடு, பள்ளம், பனங்காணி, உவர்நிலம் எனக் காணியைப் பிரிப்பார். ஒவ்வொரு பிரிவிலும் ஆள் இறங்கி நிற்கக்கூடிய குழி வெட்டப்படும். குழிகளுக்கு இடையில், கையால் திருகி இறக்கும் துளைகருவியால் மண் எடுத்துப் பார்ப்பார்கள். குழியின் சுவரில் மண்ணின் அடுக்குகள் தெரியும். ஒவ்வோர் அடுக்கின் ஆழமும் அளக்கப்படும். நிறத்தை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். ஈரமாக்கிய மண்ணை விரல்களுக்கிடையில் தள்ளிப் பார்ப்பார்கள். களியென்றால் நாடாபோல் நீளும், மணலென்றால் உதிர்ந்துவிடும். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நீர் எந்த மட்டத்தில் ஊறுகிறது என்பதும் எழுதப்படும். அமிலத்தன்மை, உப்பு, சேதனப் பொருள் ஆகியவற்றை ஆய்வுகூடம் பார்க்கும்.

இதன் பிறகே வகைப்படுத்தல். மன்னார் தீவின் மணல் றெகோசோல் வகையைச் சேர்ந்தது: கடலும் காற்றும் கொண்டுவந்து குவித்த, இன்னும் முதிராத மண். தீவைக் கடந்து பெருநிலத்தில் முருங்கன் பக்கம் போனால், மழைக்கு ஒட்டிக்கொண்டு கோடையில் வெடிக்கும் கறுப்புக் களி இருக்கிறது. கிரமுசோல் எனப்படும் அந்த மண்ணில்தான் கட்டுக்கரைக்குளத்து நெல் விளைகிறது. ஒரே மாவட்டம், ஆனால் ஒன்றுக்கு எழுதிய மீளமைப்புத் திட்டம் மற்றதற்குப் பொருந்தாது.

'வெறும் மணல்தானே' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த மணலின் மேலே, சருகும் வேரும் மக்கிச் சற்றுக் கறுத்த மெல்லிய படை ஒன்று இருக்கிறது. விதைகளும் நுண்ணுயிர்களும் இருப்பது அதில்தான். கனியத்தைப் பிரித்துவிட்டு மீதி மணலைத் திருப்பிக் கொட்டுவதாகச் சொல்லும்போது, அந்த மேற்படையைத் தனியாகச் சுரண்டி வைத்துக் கடைசியில் மேலே பரப்பாவிட்டால் அது அடியில் போய்ப் புதைந்துவிடும். அடுக்குகள் கலந்தால் நீர் இறங்கும் விதமும் மாறும். எடுத்துச் சென்ற கனியத்தின் அளவுக்கு நிலமும் தாழும்.

தாழ்வான தீவில் அது சின்ன விடயமில்லை. அங்கே நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லைபோல மணலுக்குள் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே என்னவாகும் என்பதைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இடம்பெயர்ந்து திரும்பிய எங்களுக்கு ஒன்று தெரியும். உறுதி இருந்தவர் காணியைக் கேட்டார். உறுதி தொலைந்தவர் கந்தோர் கந்தோராக அலைந்தார். மண்ணுக்கும் அதுதான். அகழ்வுக்கு முந்திய பதிவு இல்லையென்றால், பத்து வருடம் கழித்து 'முன்பும் இப்படித்தான் இருந்தது' என்று ஒருவர் சொன்னால் மறுக்க எதுவும் இராது.

அகழ்வு அனுமதி 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தால் வழங்கப்படுகிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டமென்றால், தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துச் சொல்ல 30 நாட்கள் தரப்படும். அவ்வாறு ஓர் அறிக்கை வந்தால் மண் பற்றிய அத்தியாயத்தை முதலில் திறந்து பாருங்கள். எத்தனை குழிகள், எந்தப் பருவத்தில் வெட்டப்பட்டன, மேற்படையின் தடிப்பு எவ்வளவு, அதை எங்கே சேமித்து வைப்பார்கள், உங்கள் கிணற்றுக்கு மிகக் கிட்டவாக வெட்டிய குழி எது என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியொன்றை வீட்டிலும் வைத்திருங்கள்.