கூடத்துக்குள் ஒரு கொட்டகை

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், மெட்ரோ ரயிலுக்காக எழுந்த தூண்களின் ஓரமாகப் பஸ்ஸும் லாரியும் தண்ணீர் வண்டியும் ஓயாது ஓடும் குமணன்சாவடியில், அடுக்குமாடி வீடொன்றில் குடியேறிய சாமான்யக் குடும்பஸ்தர் ஒருவர், சுவரில் பெரிய டிவியை மாட்டி முடித்த கையோடு ரிச்சி தெருவுக்குப் போய் நல்லதொரு ஹோம் தியேட்டர் வேண்டுமென்று கேட்பாரானால், டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ்., அட்மாஸ், 5.1, 7.1, 5.1.2 என்று கடைக்காரர் ஓதுகிற நாமாவளியில் அவர் மலைத்துப் போவது ஆச்சரியமன்று. நாமங்கள் பலவாயினும் அவற்றின் பின்னுள்ள தத்துவங்கள் சிலவே. அவற்றையும் நம் சினிமாக் கொட்டகைகள் ஏற்கெனவே நமக்குக் கேட்கக் கொடுத்திருக்கின்றன.

1986-ல் வந்த 'மாவீரன்', 70 எம்.எம். படச்சுருளில் ஆறு தடங்களில் ஒலியைத் தாங்கி வந்தது. 1995-ல் 'குருதிப்புனல்' கைக்கொண்ட டால்பி ஸ்டீரியோ முறையோ, இடம், வலம், நடு, பின்புறம் என்னும் நான்கு ஒலிகளை இரண்டே தடங்களில் கலந்து பதித்து, கொட்டகையிலுள்ள கருவியைக் கொண்டு மறுபடி பிரித்தெடுப்பது. பிரிவினை பூரணமாக அமையாதாகையால் பின்புற ஒலி சற்று மங்கலாகவே இருக்கும். டிஜிட்டல் முறை இக்குறையைப் போக்கிற்று. டால்பி டிஜிட்டல், படச்சுருளின் பல்துளைகளுக்கு இடையிலுள்ள சிறு வெளியில் ஒலித் தகவலை அச்சிட்டது. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு வந்த டி.டி.எஸ்., ஒலியைத் தனிக் குறுந்தகட்டில் வைத்துக்கொண்டு, படச்சுருளில் காலக் குறியீட்டை மட்டும் பதித்தது. தமிழில் 1996-ல் 'கருப்பு ரோஜா' அம்முறையில் வெளிவந்த பிறகு, போஸ்டரில் 'டி.டி.எஸ்.' என்ற மூன்றெழுத்தைப் பார்த்துவிட்டே டிக்கெட் வாங்கிய ரசிகர்களும் நம்மிடையே உண்டு.

இந்த இரு டிஜிட்டல் முறைகளும் தருவது 5.1 தான்: முன்னே மூன்று, பக்கவாட்டில் இரண்டு, சுமார் 120 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள கனத்த ஒலிக்கென்று சப்-ஊஃபர் ஒன்று. டிவிடி காலத்தில் டால்பி நொடிக்கு 448 கிலோபிட், டி.டி.எஸ். 1509 வரை என்று எண்களைக் காட்டி வாதாடியவர்கள் அநேகர். சுருக்கும் உபாயம் இரண்டிலும் வேறாகையால் எண்ணை மட்டும் வைத்துத் தரத்தை நிர்ணயிக்க முடியாது. ப்ளூ-ரேயில் வந்த டால்பி ட்ரூ எச்.டி.யும் டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோவும் எதையும் இழக்காமல் மூல ஒலியையே மீட்டுத் தருபவை. ஆகவே அந்த வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அட்மாஸ் வேறு ஜாதி. பழைய முறை, இந்த ஒலி இந்த ஸ்பீக்கருக்கு என்று முன்கூட்டியே பங்கிட்டு அனுப்பியது. இதிலோ ஹெலிகாப்டரின் சப்தம், அது பறக்கும் ஸ்தானத்தின் குறிப்போடு வருகிறது. எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு ஒலிக்க வேண்டுமென்பதை நம் வீட்டு ஆம்ப்ளிஃபையரே கணக்கிடுகிறது. 2012-ல் ஹாலிவுட்டில் 'பிரேவ்' படத்தோடு தொடங்கிய இதனை அவ்வாண்டு டிசம்பரிலேயே 'சிவாஜி 3டி' நமக்குக் கொண்டுவந்தது. வீடுகளுக்கு அட்மாஸ் 2014-லும், அதற்குப் போட்டியான டி.டி.எஸ். எக்ஸ் 2015-லும் வந்தன. 5.1.2 என்பதன் கடைசி இலக்கம் தலைக்கு மேலிருந்து வரும் ஒலிக்கானது.

இவ்வளவையும் தாங்கப்போவது எது? பத்துக்குப் பதினான்கு அடியில், டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவருமான ஒரு ஹால். அதன் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால், தட்டிய ஓசை சுவருக்குச் சுவர் மோதி 'டிர்ர்' என்று நடுங்கி அடங்கும். வசனத்தைக் குழப்புவது அந்த நடுக்கமே. ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் செய்கிற உபகாரத்தை எந்த ஃபார்மட்டும் செய்துவிடாது. சோபாவையோ பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருப்போம். பின்னால் இடமே இல்லாத வீட்டில், பின்புறமும் இரண்டு ஸ்பீக்கர் கேட்கும் 7.1 எதற்கு? மேல்நோக்கி ஒலியெழுப்பிக் கூரையில் மோதித் திரும்பச் செய்யும் அட்மாஸ் சவுண்டுபாருக்குத் தட்டையான கூரை வேண்டும். நம் கூரையிலோ உத்தரமும் ஃபால்ஸ் சீலிங்கின் படிக்கட்டு வேலைப்பாடும் குறுக்கிடுகின்றன, அதன்கீழ் மின்விசிறி வேறு இரைந்துகொண்டிருக்கிறது. ஓ.டி.டி.யில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ். அதனைக்கூடப் பழைய ஆப்டிகல் கேபிள் ஏற்காது, டிவியின் 'ஏ.ஆர்.சி.' என்றெழுதிய எச்.டி.எம்.ஐ. துவாரமே வேண்டும்.

இத்தகைய ஹாலுக்குத் தனித்தனி ஸ்பீக்கர்களோடு கூடிய 5.1 போதும் என்பதே என் அபிப்பிராயம். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வருவதால் கைப்பணத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்கலாம். பக்க ஸ்பீக்கர்கள் காதுக்கு நேரே சற்றுப் பின்தள்ளி, தலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். சப்-ஊஃபரை வைக்க ஓர் உபாயம் உண்டு: அதைத் தற்காலிகமாகச் சோபாவின் மேலேயே உட்காரவைத்து, கனத்த தாளமுள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நாம் சுவரோரமாக மண்டியிட்டு நகர்ந்து கேட்டால், தாளம் எந்த இடத்தில் குமுறாமலும் மறையாமலும் சீராகக் கேட்கிறதோ அதுவே அதன் இடம். கனத்த ஒலி கான்கிரீட் தளத்தையும் கடந்து போகுமாதலால், இந்தப் பரீட்சையைப் பகலில் வைத்துக்கொண்டு, கீழ்வீட்டாரிடம் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவைப்பது உசிதம்.