தெருமுனை – 14: டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்வரை

சென்ற வாரம் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் டீக்கடை.

விடியற்காலை ஐந்து மணி. பாய்லருக்கு விபூதிப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைக்கிறார் மாஸ்டர். முதல் டீ விற்பனைக்கு இல்லை. அதைப் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவில் ஊற்றுகிறார். அதற்கப்புறம்தான் வியாபாரம். துணி வடிகட்டியில் தூள். அதன்மேல் கொதிக்கும் தண்ணீர். கீழே கறுத்த டிகாஷன். பாலும் சர்க்கரையும் சேர்ந்ததும் வலது கை மேலே போகிறது, இடது கை கீழே இறங்குகிறது. இரண்டு ஆற்று, மூன்று ஆற்று. நுரையோடு கண்ணாடி டம்ளர் நம் கைக்கு வருகிறது.

சூடு தாங்காது. விளிம்பைக் கட்டை விரலாலும் நடுவிரலாலும் பிடித்து ஊதி ஊதித்தான் குடிக்க முடியும். அவசரப்பட்டால் நாக்கு பொத்துப்போகும். அதைவிட முக்கியம், டம்ளர் கடைக்காரருடையது. திருப்பிக் கொடுக்காமல் நகர முடியாது. எவ்வளவு தலைபோகிற வேலையானாலும் அந்த ஐந்து நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும். டீக்கடை தரும் நிம்மதியின் சூட்சுமம் அந்த டம்ளரில்தான் இருக்கிறது என்பேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் எதிரே இருந்த டீக்கடைதான் எனக்குத் துணை. மூன்றாம் நாள் இரவு, பெஞ்சில் இருந்த பெரியவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“யாருக்கு தம்பி?”

“அப்பாவுக்கு. உங்களுக்கு?”

“வீட்டுக்காரிக்கு.” சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “டீயக் குடிங்க, ஆறுது” என்றார்.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. அன்றிரவு மூன்று நாளைக்குப் பிறகு கொஞ்சம் தூங்கினேன்.

காப்பி நடுத்தர வர்க்கத்தின் பெருமையாகவும் டீ உழைப்பாளியின் பானமாகவும் இங்கே பிரிந்த கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதியிருக்கிறார். காப்பிக்கு வீட்டுக் கூடம், டீக்குத் தெரு. தெருவில் குடிப்பது என்றால் ஒரே டம்ளரில் பல வாய் படும். அந்த இடத்தில்தான் சாதி வந்து நின்றது. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் எத்தனையோ ஊர்களில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் தொங்கியது. குடித்தவரே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு மனிதனை அவமானப்படுத்த இதைவிடக் கொடிய வழி எனக்குத் தெரியவில்லை. இளைப்பாற வந்த இடத்தில் நெஞ்சைச் சுடுவது அது. தனி டம்ளரை எதிர்த்துப் போராடி அடிபட்டவர்களுக்கு நாம் குடிக்கும் ஒவ்வொரு டீயிலும் பங்கு உண்டு. இன்றைக்கும் சில ஊர்களில் தனி டம்ளர் இருந்த இடத்தில் பேப்பர் கப் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

நகரத்திலோ எல்லோர் கையிலும் அதே கப்தான். வாங்கியதும் நடையைக் கட்டிவிடலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய கப்புகளுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்திருக்கிறது. அந்தக் கப்பில் 100 மில்லி சூடான நீரைப் பதினைந்து நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு 2020-ல் சொன்னது. அப்படியும் கப் போகவில்லை.

நாளைக் காலை கடையில் கப்பை எடுத்தால், “கண்ணாடியிலேயே குடுங்கண்ணே, வெந்நீர்ல அலசி” என்று கேளுங்கள். பெஞ்சில் உட்காருங்கள். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.

(தொடரும்)