பெட்டியா, பள்ளமா?

இடுக்குப் புள்ளிக் கோலம்: 7 புள்ளி, 4 வரை. கோலமாவு, செங்காவி, சாணம் தெளித்த தரை.

மார்கழி விடியலில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாசலை நிறைக்கும் கோலங்களின் புள்ளிக் கணக்குதான் இதற்கும். நடுவரிசையில் 7 புள்ளி. இருபுறமும் 6, 5, 4 எனக் குறைந்து மொத்தம் 37. இவற்றைச் சாய்சதுரங்களாக இணைத்தால் அறுகோணத்துக்குள் சரியாக 27 கட்டங்கள் அமைகின்றன. 9 வெள்ளை, 9 காவி, 9 வெறும் தரை.

தரையில் இருப்பது அவ்வளவே. கண்ணுக்கோ படிப்படியாக அடுக்கிய பெட்டிகள் தெரிகின்றன! வெளிச்சம் மேலிருந்தே விழும் என்று மூளை பழகியிருக்கிறது. அதனால் வெள்ளைக் கட்டத்தை மேற்பரப்பாகவும் மற்ற இரண்டையும் பக்கச் சுவர்களாகவும் எடுத்துக்கொள்கிறது.

இதேபோல், படிகத்தின் கோட்டுப்படம் ஒன்று பார்க்கப் பார்க்க முன்னும் பின்னுமாகப் புரள்வதை சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி ஆல்பர்ட் நெக்கர் 1832-இல் பதிவுசெய்தார். ஹங்கேரியில் பிறந்த ஓவியர் விக்டர் வசரேலி இந்தக் கனசதுர மயக்கத்தையே பல ஓவியங்களாக்கினார்.

கோலத்தின் அமைப்பு விதிகளை, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கணினியியல் நோக்கில் ஆராய்ந்தார். வாசலில் குனிந்து புள்ளி வைக்கும் பெண்களின் கணித அறிவுக்குக் கிடைத்த உரிய மரியாதை அது.

மாவை மிதிக்காமல் எதிர்ப்பக்கம் சென்று பாருங்கள்; பெட்டிகள் பள்ளங்களாகத் தெரியும்.