பாஸ்புக்கின் மூன்றாவது பத்தி

மார்ச் 31 நெருங்க நெருங்க, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: நிதியாண்டோடு வேலையை விட்டுவிடலாமா? எழுதுபவர்கள் ஐம்பதைத் தொடுகிறவர்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டு தனியார் துறை சர்வீஸ். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. பிள்ளைகளில் ஒன்றாவது கல்லூரியில். கையிருப்பு, பங்கு நிதி, தங்கம் எல்லாவற்றையும் கூட்டி அழகாக அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்த அட்டவணைகளில் ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்பத் தப்பாக இருக்கிறது. இந்த வாரம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். மூன்று பத்திகள் இருக்கும். முதலாவது உங்கள் பங்கு, இரண்டாவது நிறுவனத்தின் பங்கு, மூன்றாவது பென்ஷன் பங்கு. ஓசூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு வாசகர் மூன்றையும் கூட்டி ‘மொத்த பி.எஃப்.’ என்று எழுதியிருந்தார். 2003 ஏப்ரலில் சேர்ந்தவர். மாதச் சம்பளம் இப்போது 90,000. அவருடைய மூன்றாவது பத்தியில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் இருக்கும். 2014 ஆகஸ்ட் வரை மாதம் 541 ரூபாய், அதற்குப் பிறகு மாதம் 1,250 ரூபாய் என்று ஏறியது அது. ஆண்டு முடிவில் வட்டி ஏற்றும் வரியைப் பாருங்கள். முதல் இரண்டு பத்திகளுக்கும் நேரே தொகை இருக்கும். மூன்றாவதற்கு நேரே 0.

பார்த்தால் சேமிப்புக் கணக்கு போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் உங்கள் பெயரில் எங்கும் வளரவில்லை. இ.பி.எஸ். 95 என்கிற பொதுக் குளத்துக்குப் போய்விட்டது. உங்கள் பங்களிப்பு எவ்வளவு என்பதற்கான குறிப்பு மட்டுமே அங்கே நிற்கிறது. பத்து ஆண்டு சர்வீஸ் முடிந்தவருக்கு அது மொத்தமாகக் கைக்கு வராது. உயிலிலும் எழுத முடியாது. கிடைப்பது மாதாந்தரப் பென்ஷன் மட்டுமே.

அந்தப் பென்ஷன் எவ்வளவு? சூத்திரம் ஒரு வரிதான்: ‘பென்ஷனுக்குரிய சம்பளத்தை’ சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம். பென்ஷனுக்குரிய சம்பளம் என்று சட்டம் சொல்வது நீங்கள் வாங்குகிற சம்பளத்தை அல்ல. 2014 செப்டம்பரிலிருந்து அதன் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 ரூபாய்தான் கணக்கு. தொண்ணூறாயிரம் வாங்குகிறவரும் பதினைந்தாயிரம் வாங்குகிறவரும் இங்கே ஒன்று. முப்பத்தைந்து ஆண்டும் முழு உச்சவரம்பில் உழைத்தவருக்கே 7,500 ரூபாய்தான். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்ற அரசின் உத்தரவாதமும் 2014-இல் வந்ததுதான். அதன் பின் அந்தத் தொகை நகரவேயில்லை. அகவிலைப்படி என்ற பேச்சே இதில் கிடையாது. ஐம்பது வயதில் நிர்ணயமாகும் தொகைதான் எண்பது வயதிலும் வரும்.

ஓசூர் வாசகருக்கு வருவோம். 23 ஆண்டு சர்வீஸ். இருபதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டு போனஸ் உண்டு. எல்லாம் சேர்த்தாலும் அவருடைய முழுப் பென்ஷன் நாலாயிரத்தைத் தொடுவதே கஷ்டம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாலாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அது 58 வயதில் தொடங்கினால். முன்கூட்டியே வேண்டும் என்றால் 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 2008 வரை இது 3 சதவீதமாக இருந்தது. எட்டு ஆண்டு முந்தினால் கால் பங்குக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது 2,800 ரூபாய் அளவில் இருக்கும். 58 வயது ஆனதும் பழைய தொகைக்குத் திரும்பும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். திரும்பாது. ஒருமுறை வெட்டினால் ஆயுளுக்கும் வெட்டுத்தான்.

ஆனாலும் இது வெளிப்படையான அநியாயமா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்லிவிட முடியவில்லை. மாதம் 2,800 வீதம் எட்டு ஆண்டில் 2,68,800 ரூபாய் கைக்கு வந்துவிடும். காத்திருப்பவர் 58 முதல் மாதம் 1,200 கூடுதலாக வாங்கி இந்த இடைவெளியை நிரப்ப 18 ஆண்டு 8 மாதம் ஆகும். அப்போது அவருக்கு 76 வயது தாண்டியிருக்கும். தனி ஆளாக இருந்தால், உடம்பும் அவ்வளவு நம்பிக்கை தரவில்லை என்றால், முன்பே வாங்குவது தவறில்லை.

குடும்பம் என்று வரும்போதுதான் கணக்கு திரும்புகிறது. என்னை உறுத்துகிற இடம் இதுதான். பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு ஒருவர் இறந்தால், மனைவிக்கு அவர் கடைசியாக வாங்கிய தொகையில் பாதி கிடைக்கும். நம் வாசகர் 50 வயதில் வாங்கத் தொடங்கி 55 வயதில் இறந்தால், அந்த அம்மாவுக்கு 1,400 ரூபாய். கணவர் அவசரப்பட்டு ஏற்ற வெட்டு மனைவியையும் தொடர்கிறது. அதே மனிதர் வேலையை விட்டுவிட்டு, பென்ஷன் வாங்கத் தொடங்காமல், அதுவரையிலான சர்வீஸுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார். 58-க்கு முன் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். அப்போது விதி வேறு. வேலையை விட்ட நாளில் ஓய்வு பெற்றிருந்தால் வரக்கூடிய பென்ஷனுக்குச் சமமான தொகை மனைவிக்கு உண்டு. பாதி அல்ல, முழுசு. ஒரே ஆள், ஒரே சர்வீஸ், ஒரே வயதில் மரணம். அவர் ஒரு படிவத்தை நிரப்பினாரா இல்லையா என்பதில் அந்தக் குடும்பத்தின் மாத வருமானம் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது.

படிவங்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 10-டி என்பது பென்ஷன் கேட்கும் படிவம். 10-சி என்பது ஸ்கீம் சர்டிபிகேட் கேட்கும் படிவம். ஐம்பதில் வேலையை விடுகிறவர், அவசரத் தேவை இல்லாவிட்டால், கேட்க வேண்டியது 10-சி. அந்தச் சான்றிதழில் குடும்பத்தினர் பெயர்கள் இருக்கும். மனைவி, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கிய அன்றே ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகு அதைத் திறந்து பார்க்கப் போவது நீங்கள் இல்லை.

கணவன் மனைவி இருவரும் போன பிறகு? 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரை, பென்ஷன் உண்டு. அவர்களும் வயதைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. பங்களித்த மூலதனத்தைக் குடும்பத்துக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. 2008-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே அட்டவணையில் ‘பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது பத்தியை எழுதியிருப்பவர்கள் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

கடைசி வேலை நாளோடு போகிற இன்னொன்றும் இருக்கிறது. பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை இ.டி.எல்.ஐ. காப்பீடு உண்டு. இதற்கு நீங்கள் பைசா கட்டியதில்லை என்பதால் இருந்ததும் தெரியாது, போவதும் தெரியாது. நிறுவனம் போட்டிருந்த ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இதே வழிதான். சொந்தமாக டெர்ம் பாலிசியும் மருத்துவ பாலிசியும் எடுத்து, மருத்துவ பாலிசியின் காத்திருப்புக் காலம் கழிந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். வீட்டுக் கடன் பாக்கி இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அந்த வீட்டுக் கடன். பி.எஃப். பணத்தை எடுத்து அடைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேலையில் இருக்கும்வரை அவசரம் வேண்டாம், 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், பெரும்பாலானவர்களுக்கு வரியும் இல்லை. வேலையை விட்ட மறுநாள் நிலைமை தலைகீழ். கணக்கில் பணம் இருக்கலாம், 58 வயது வரை வட்டியும் ஏறும். ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு. இ.எம்.ஐ. கட்டச் சம்பளமும் இல்லை. அப்போது அடைத்துவிடுவதுதான் நிம்மதி. மிதக்கும் வட்டிக் கடன் வாங்கிய தனிநபரிடம் முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் கேட்கக் கூடாது.

அதற்கு முன், உங்கள் கடன் உண்மையில் எப்போது முடிகிறது என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியபோது, பலருக்கு இ.எம்.ஐ. அப்படியே இருந்தது, மாதங்கள்தான் நீண்டன. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி சொன்னது 2023 ஆகஸ்டில், ஏற்றமெல்லாம் முடிந்த பிறகு. 2025-இல் ரெப்போ 5.25 வரை இறங்கியிருக்கிறது. நீண்ட மாதங்கள் சுருங்கினவா என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான். 55 வயதில் கடன் தீரும் என்று நினைத்து ஓய்வைத் திட்டமிட்ட ஒருவருக்கு, அட்டவணை 61 என்று காட்டுகிறது. எழுதியவர் குரலில் இருந்த அதிர்ச்சி இன்னும் என் மனதில் இருக்கிறது.

கடன் முடிந்தால் 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய். பத்திரம் கைக்கு வந்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிமை ஆவண ஒப்படைப்பைப் பதிவு செய்திருப்பார்கள். ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தது தெரியும். எங்கள் உறவில் ஒருவர் 2019-இல் கடைசித் தவணையைக் கட்டினார். நான்கு ஆண்டு கழித்து வீட்டை விற்கப் போனபோது வில்லங்கத்தில் கடன் அப்படியே நின்றது. வங்கிக் கிளை வேறு கிளையோடு இணைந்துவிட்டிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவரைத் தேடியே மூன்று மாதம் போனது. கடன் கட்டியவர் உயிரோடு இருந்ததால் அலைய முடிந்தது.

வாரிசு விஷயத்துக்குச் சுருக்கமாக வருகிறேன். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்தான். சொத்துக்கு உரியவர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும். பங்குகள் விஷயத்திலும் இதேதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம் என்று 2025 நவம்பர் முதல் வந்திருக்கிறது. இறந்தவர் கணக்கை 15 நாளில் பைசல் செய்ய வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதிக்கு 2026 மார்ச் 31 கெடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 15 நாள், எல்லா ஆவணமும் கொடுத்து முடித்த நாளிலிருந்துதான் எண்ணப்படும்.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. அப்பா அந்த முதல் வரிசையில் இல்லை. பிள்ளைகள் இல்லாத, கணவனை இழந்த ஓர் இந்துப் பெண் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. அவளைப் பெற்றவர்கள் அதற்கு அடுத்துத்தான். தனியாக உழைத்து முன்கூட்டி ஓய்வு பெறத் திட்டமிடும் பெண்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த மாதமே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும்.

மற்ற கேள்விகளுக்கு:

திருமணத்துக்கு முன் போட்ட பி.எஃப். நாமினேஷன் செல்லுமா? செல்லாது, புதிதாகப் போடுங்கள்.

ஒன்பது ஆண்டு ஏழு மாத சர்வீஸுக்குப் பென்ஷன் உண்டா? ஆறு மாதத்துக்கு மேற்பட்டது ஓர் ஆண்டாகக் கொள்ளப்படும், உண்டு.

58-க்குப் பிறகும் வாங்காமல் இருந்தால்? 60 வரை ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்.

முழுச் சம்பளத்துக்கும் கூடுதல் பென்ஷன் கேட்க இன்னும் வழி இருக்கிறதா? விண்ணப்பக் கெடு 2023 ஜூலை 11-ஓடு முடிந்தது.

2016-இல் 40,000 ரூபாய் சம்பளத்தில் முதல் வேலை. மூன்றாவது பத்தியில் ஒன்றுமே இல்லையே? 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பென்ஷன் கிடையாது. நிறுவனத்தின் பங்கு முழுவதும் இரண்டாவது பத்தியில் இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.