சின்னச் சக்கரம், பெரிய ஆசை

எஞ்சினின் பெல்ட் சக்கரத்தைச் சிறிதாக்கினால் காரின் வேகம் கூடுமா? அமெரிக்காவிலிருந்து வந்த அண்டர்டிரைவ் புல்லி மோகம் இந்திய சாலைகளில் படும் பாடு.

டெல்லி காஷ்மீரி கேட்டின் உதிரிபாகச் சந்துகளில் நடந்தால், ஒரு காரை முழுசாகப் பிரித்துக் கடை வாசலில் தொங்கவிட்டது போல இருக்கும். மும்பையின் ஆபரா ஹவுஸ் பகுதி, பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு எல்லாவற்றிலும் பேரம் பேசும் மொழிதான் வேறு, சரக்கு ஒன்றுதான். "வண்டியில் பிக்-அப் போதவில்லை" என்று வருகிறவருக்கு அங்கே வைத்தியம் பல உண்டு. காற்றை அதிகம் விடும் ஏர் ஃபில்டர், உறுமும் சைலன்சர், விலை கூடிய ஸ்பார்க் பிளக். பெட்ரோல் விலையைப் பற்றிக் கவலைப்படாத சிலர் இன்னொன்றையும் கேட்கிறார்கள்: அண்டர்டிரைவ் புல்லி. கடையில் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. அலுமினியக் கட்டையைக் கொடுத்தால் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

விஷயம் எளிமையானது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் ஓரத்தில் ரப்பர் பெல்ட் ஓடுவது தெரியும். அந்தப் பெல்ட்டை இழுப்பது கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் புல்லி. பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர், பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப், சில கார்களில் பவர் ஸ்டியரிங் பம்ப் எல்லாம் அதை நம்பித்தான் சுழல்கின்றன. இவை ஒவ்வொன்றும் எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கைத் தின்கின்றன. கிராங்க் புல்லியைச் சிறியதாக்கினால், அல்லது மறுமுனையில் இருக்கும் புல்லியைப் பெரியதாக்கினால், இவை 15 முதல் 25 சதவீதம் மெதுவாகச் சுழலும். தின்பது குறையும், மிச்சம் சக்கரங்களுக்குப் போகும். இதுதான் விற்பவர்கள் சொல்லும் கணக்கு.

இதை நம்புவதற்கு இந்தியர்களுக்கு அதிகம் சிரமமில்லை. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800ஐ ஓட்டிய தலைமுறைக்கு இந்தப் பாடம் மனப்பாடம். 796 சி.சி., 40 குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின். நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டுமானால் முதலில் ஏ.சி.யை அணைக்க வேண்டும். பின் சீட்டில் இருப்பவர் வியர்த்து முணுமுணுக்க, லாரியைத் தாண்டிய பிறகு மறுபடி போட வேண்டும். கம்ப்ரசர் மட்டும் மூன்று நான்கு குதிரைத்திறனை விழுங்கும் காரில் அது பெரிய வித்தியாசம். பின்னாளில் வந்த பல கார்களில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்ரசரின் கிளட்ச்சைச் சில நொடிகள் துண்டித்துவிடும். புல்லி வாங்கித் தர வேண்டிய லாபத்தின் பெரும் பகுதியைத் தொழிற்சாலை இலவசமாகவே கொடுத்துவிட்டது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

புல்லி மோகம் பிறந்த இடத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1980களின் கடைசியில் அமெரிக்க இளைஞர்கள் கால் மைல் பந்தயத்துக்கு ஃபோர்ட் மஸ்டாங்கின் ஐந்து லிட்டர் வி-8 எஞ்சினைத் தயார் செய்தார்கள். 225 குதிரைத்திறன் எஞ்சின் அது. தடித்த வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் ஸ்டியரிங் பம்ப் என்று பெல்ட்டில் தொங்கிய சாமான்கள் எல்லாமே பெரியவை. அங்கே சுமார் பத்து குதிரைத்திறன் மிச்சமாகும் என்று விளம்பரம் செய்தார்கள். பந்தயம் பதினைந்து நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் பேட்டரி இறங்காது, எஞ்சின் கொதிக்காது.

அந்தக் கணக்கை அப்படியே எடுத்துவந்து 1,300 சி.சி. எஸ்டீமில் பொருத்தும்போதுதான் சிக்கல். இந்தியக் கார்களின் பெல்ட்டில் குறைப்பதற்கு அவ்வளவு இல்லை. இப்போதைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குகிறது, பம்ப்பே கிடையாது. 2000ல் வந்து 106 குதிரைத்திறனால் இளைஞர்களின் கனவான ஹோண்டா சிட்டி விடெக்கை எடுத்துக்கொண்டால், அதன் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட். வெளியே எந்தப் புல்லியை மாற்றினாலும் அந்தப் பம்ப்புக்குத் தெரியப் போவதில்லை. பேலியோ, உனோ கார்களில் வந்த ஃபியட்டின் ஃபயர் எஞ்சினிலும் இதே கதைதான்.

மிஞ்சுவது ஆல்டர்னேட்டர். அதை மெதுவாகச் சுழற்றினால் சக்தி மிச்சமாகும் என்பது பாதிப் பொய். ஆல்டர்னேட்டர் எஞ்சினிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது அதன் வேகமல்ல, கார் கேட்கும் மின்சாரம். விளக்கு, ஃபேன், ஃபியூவல் பம்ப் எல்லாம் சேர்ந்து 40 ஆம்பியர் கேட்டால் 14 வோல்ட்டில் அது 560 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55, 60 சதவீதம்தான் என்பதால், எஞ்சின் கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட ஒரு கிலோவாட், அதாவது ஒன்றேகால் குதிரைத்திறன். புல்லி சிறியதானாலும் விளக்குக்கு அதே மின்சாரம் வேண்டும், அதே கடன்தான். உள்ளே இருக்கும் சிறு விசிறியும் பேரிங்கும் தின்னும் அற்ப சக்தியில் கொஞ்சம் மிச்சமாகலாம். இதற்கு மேல் மிச்சமானால், ஆல்டர்னேட்டர் தேவையான மின்சாரத்தைத் தரவில்லை, பேட்டரி இறங்குகிறது என்று பொருள்.

வாட்டர் பம்ப்பின் கணக்கு வேறு. எஸ்டீம், 800 போல அது வெளிப் பெல்ட்டில் ஓடும் கார்களில் லாபம் நிஜமானது. பம்ப் தின்னும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 20 சதவீதம் மெதுவானால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். கேட்கப் பிரமாதம். ஆனால் எதில் பாதி? 6,000 சுழற்சியில் ஒரு குதிரைத்திறன் தின்கிற பம்ப் என்று வைத்துக்கொண்டால் அங்கே அரை குதிரைத்திறன் லாபம். அதே பம்ப் 3,000 சுழற்சியில் எட்டில் ஒரு பங்குதான் தின்கிறது. அதில் பாதியைத் தேடிப் பிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும். மைலேஜ் கூடும் என்ற வாதமும் இங்கேயே விழுந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் சிறிய கார் 12, 15 குதிரைத்திறன் செலவழிக்கும்போது, இந்த மிச்சம் ஒரு சதவீதம்கூட வராது. "கித்னா தேதி ஹை?" என்று கேட்டே கார் வாங்கும் நாட்டில் இது முக்கியமான தகவல்.

ஆக, லாபம் இருப்பது டாக்கோமீட்டர் முள் மேலே இருக்கும்போது. நஷ்டம் இருப்பது முள் கீழே கிடக்கும்போது. இந்திய நகரங்களில் முள் எங்கே கிடக்கிறது என்பதை பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மாலை நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சிக்னலில் நிற்கும் எஞ்சின் 800 சுழற்சியில் ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலே, 1,800 என்ற அளவில் சுழலும். அந்த வேகத்தில் அது தருவது அதிகபட்ச மின்சாரத்தில் பாதி அளவுதான். இன்னும் கீழே போனால் உற்பத்தி செங்குத்தாகச் சரியும். 20 சதவீதம் குறைக்கும் புல்லி அதைச் சரியும் அந்த இடத்துக்கே தள்ளுகிறது. ஜூலை மாத இரவில் மும்பையின் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் மழை நெரிசல்: ஹெட்லைட் எட்டு ஒன்பது ஆம்பியர், ஏ.சி.யின் ஊதுவிசிறி பத்துக்கு மேல், ரேடியேட்டர் ஃபேன் இன்னொரு பத்து, வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர், பாட்டு. 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டுச் சட்டத்துக்குப் புறம்பாக 100/90 மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். பத்து ஆம்பியர் பற்றாக்குறை ஏற்பட்டால், சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேர நெரிசலில் கால் பங்குக்கும் மேல் இழந்துவிடும். எஞ்சின் அணைந்தால் மறுபடி கிளம்புமா என்பது பேட்டரியின் வயதைப் பொறுத்தது.

மே மாத டெல்லி இன்னும் கொடுமை. 45 டிகிரி வெயிலில் நிற்கும் காரில் ஏ.சி. ஏற்கெனவே திணறும். கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு வாயு என்று தள்ளுகிற இயந்திரம். 20 சதவீதம் மெதுவாகச் சுற்றினால் குளிர்ச்சியும் அந்த அளவுக்குக் குறையும். வாட்டர் பம்ப் வெளிப் பெல்ட்டில் இருந்தால் எஞ்சினைச் சுற்றும் தண்ணீரும் குறையும். எஞ்சின் கொதித்து அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்தால் ஆகும் செலவில் இதுபோல் பல புல்லிகள் வாங்கலாம். வாட்டர் பம்ப் உள்ளே இருக்கும் சிட்டி போன்ற கார்களுக்கு இந்த ஆபத்து இல்லை. லாபமும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பல எஞ்சின்களில் கிராங்க் புல்லி வெறும் சக்கரம் அல்ல. நடுவில் இருக்கும் குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். சிலிண்டரில் ஒவ்வொரு முறை எரிபொருள் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஈரத்துணியைப் பிழிவது போல மிகச் சிறிதளவு முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் இரும்பே களைத்து விரிசல் விடும். ரப்பரோடு கூடிய வளையம் அந்த அதிர்வை உறிஞ்சுவதற்காக அளவெடுத்துச் செய்யப்பட்டது. அதைக் கழற்றிவிட்டு லேத்தில் கடைந்த கெட்டி அலுமினியத்தைப் பூட்டுவது, வீட்டின் இடிதாங்கியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு எடை குறைந்தது என்று மகிழ்வதற்குச் சமம். நீளமான கிராங்க் ஷாஃப்ட் கொண்ட ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின்களில் அபாயம் அதிகம். வெடிப்பின் அடி பலமாக விழும் டீசல் எஞ்சின்களிலும் அப்படியே. ஸ்கார்ப்பியோவையும் இன்னோவாவையும் 'டியூன்' செய்யக் கிளம்புகிறவர்கள் இதை இரண்டு முறை படிப்பது நல்லது. ரப்பரே இல்லாத வார்ப்பு இரும்புப் புல்லியோடு வந்த சிறிய எஞ்சின்களில் பயம் குறைவு.

எடை குறைந்த புல்லியால் எஞ்சின் சட்டென்று சுழற்சி ஏறும் என்பது உண்மைதான். வெளி விளிம்பில் ஒன்றரைக் கிலோ குறைந்ததாகக் கொண்டால், முதல் கியரில் காரின் எடை சுமார் பத்து கிலோ குறைந்தது போன்ற பலன் கிடைக்கும். டாப் கியரில் அது ஒரு கிலோவுக்கும் கீழே. டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கி வைத்தாலே எல்லா கியரிலும் இதைவிட அதிகம் கிடைத்துவிடும்.

அப்படியானால் புல்லி மாட்டிய பலரும் வண்டி பறக்கிறது என்று சத்தியம் செய்வது ஏன்? காசு கொடுத்த மனசு ஒரு காரணம். இன்னொன்று, புல்லி மாற்றும் அன்றே ஆயில், பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றப்படுகின்றன. பலனுக்கு யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. டைனமோமீட்டரில் ஏற்றி அளந்தாலும், ஒரே கார் ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓடும்போது நூறு குதிரைத்திறனில் ஒன்றிரண்டு இப்படி அப்படி வருவது சகஜம். 45 டிகிரி கோடைக்கும் 10 டிகிரி குளிர்காலக் காலைக்கும் இடையே காற்றின் அடர்த்தியே சுமார் 12 சதவீதம் மாறுகிறது. டெல்லிக்காரர் மே மாதம் அளந்துவிட்டு, ஜனவரியில் புல்லி மாட்டி மறுபடி அளந்தால் எந்தப் புல்லியும் அற்புதம் செய்யும்.

பந்தயத் தளத்தில் நிலைமை வேறு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவையின் கரி ஸ்பீட்வேயிலோ, 2011ல் திறக்கப்பட்ட கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்க்யூட்டிலோ ஓடும் கார், பந்தயம் முழுக்க எஞ்சினை உச்சத்திலேயே வைத்திருக்கிறது. அங்கே சாதாரண புல்லியோடு ஓடும் வாட்டர் பம்ப் மிக வேகமாகச் சுழன்று, தண்ணீரில் குமிழிகளை உண்டாக்கி, தள்ள வேண்டிய தண்ணீரையே தள்ளாமல் போகலாம். பெல்ட் கழன்று பறப்பதும் உண்டு. வேகத்தைக் குறைக்கும் புல்லி அங்கே பாதுகாப்புச் சாதனம், குதிரைத்திறன் அதற்குக் கொசுறு. அந்தக் கார்களில் ஏ.சி. முதலிலேயே கழற்றப்பட்டிருக்கும். ட்ராஃபிக் சிக்னல் கிடையாது.

புதிய கார்களில் இந்த விவாதமே அர்த்தமிழந்து வருகிறது. 2015ல் சியாஸ் டீசலில் மாருதி கொண்டுவந்த மைல்டு ஹைப்ரிட் ஏற்பாட்டில், ஆல்டர்னேட்டரே மோட்டாராகி, வேகமெடுக்கும்போது அதே பெல்ட் வழியாக எஞ்சினைத் தள்ளிவிடுகிறது. பெல்ட் எஞ்சினுக்குச் சக்தி கொடுக்கும் காரில் புல்லியின் அளவை மாற்றுவது, உதவிக்கு வந்த கையைத் தட்டிவிடுவது போலத்தான். வேறு பல கார்களில் ஆல்டர்னேட்டர் எப்போது உழைக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. வாரண்டி காலத்தில் இருக்கும் காரில் எஞ்சின் தொடர்பான எந்தக் கோளாறு வந்தாலும், சர்வீஸ் சென்டரின் கண் முதலில் அந்தப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல்தான் விழும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரவில், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, ஹெட்லைட், ஏ.சி., ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் தப்பித்தார்கள். முள் அதற்குக் கீழே நழுவிக்கொண்டே போனால், கம்பெனி கொடுத்த புல்லியைத் தேடி எடுத்துப் பழைய நீளத்துக்கான பெல்ட்டையும் வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். பழைய புல்லியில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடச் சொல்ல வேண்டும்.