பூனையோடு படித்த மொழி

2020 மார்ச் மாதம் கொரோனா காரணமாக நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. ஊரடங்கு என்ற சொல் எங்கள் வயதுப் பெண்களுக்குப் புதியதல்ல. வெடிச்சத்தம் இல்லாத ஊரடங்குதான் புதியது. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில், கைத்தொலைபேசியில் ஒரு புதிய மொழியைப் படிக்கத் தொடங்கினேன். அதன் பெயர் எஸ்பெராந்தோ. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, ஒரு தனிமனிதர் இருந்து உருவாக்கிய மொழி அது.

முதல் வாரம் தோல்விதான். கொப்பியில் இருபது சொற்களை எழுதிப் பாடமாக்குவேன். மறுநாள் காலை ஐந்து கூட நினைவில் இராது. அப்போது எனக்குக் கைகொடுத்தது எங்கள் வீட்டுப் பூனை. ஆறிய அடுப்புச் சாம்பலில் படுத்துக் கிடப்பதால் அதற்குச் சாம்பி என்று பெயர். ஒருநாள் பால் கேட்டுக் காலைச் சுற்றியபோது, "காத்தோ, லாக்தோ வேணுமோ?" என்று கேட்டேன். காத்தோ என்றால் பூனை. லாக்தோ என்றால் பால். அந்த இரண்டு சொற்களும் அதன்பின் எனக்கு மறக்கவேயில்லை.

"என்ன பிள்ளை, பூனைக்குப் பாஷை படிப்பிக்கிறியோ?" என்று அம்மா சிரித்தார். உண்மையில் பூனைதான் எனக்குப் படிப்பித்தது.

சாம்பியின் ஒருநாள்

சாம்பியின் நாளாந்தப் பாட்டையே பாடமாக்கிக் கொண்டேன். அவள் நித்திரை கொள்கிறாள்: லா காத்தோ டோர்மாஸ். நேற்று நித்திரை கொண்டாள்: டோர்மிஸ். நாளைக்கும் கொள்வாள்: டோர்மோஸ். நிகழ்காலத்துக்கு 'ஆஸ்', இறந்தகாலத்துக்கு 'இஸ்', எதிர்காலத்துக்கு 'ஓஸ்'. எந்த வினைச்சொல்லுக்கும் இதே விதிதான், விலக்குக் கிடையாது. தமிழில் கொள்கிறேன், கொள்கிறாள், கொள்கிறார், கொள்கிறது என்று ஆளுக்கு ஏற்ப வினை மாறும். எஸ்பெராந்தோவில் நான் தூங்கினாலும் பூனை தூங்கினாலும் 'டோர்மாஸ்'தான். 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் 'வீ' என்ற ஒரே சொல்தான். மந்திரியும் வீ, சாம்பியும் வீ!

பெயர்ச்சொற்கள் எல்லாம் 'ஓ' என்று முடியும். எலி மூசோ, மீன் பீஷோ. பூனை மீனைத் தின்கிறது என்பதற்கு, லா காத்தோ மாஞ்ஜாஸ் லா பீஷோன். பீஷோவோடு ஒட்டியுள்ள அந்த 'ன்' எமது இரண்டாம் வேற்றுமை 'ஐ' போன்றது. 'மீனைத் தின்கிறது பூனை' என்று தமிழில் மாற்றிச் சொன்னாலும் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற குழப்பம் வராதல்லவா? எஸ்பெராந்தோவிலும் அப்படித்தான். ஆங்கிலம் பேசுவோர் தடுமாறும் இந்த இடம் எங்களுக்கு இலகு.

சொற்களைச் சேர்த்துச் சேர்த்துப் புதுச் சொல் ஆக்குவது இன்னும் சுவையானது. பெண்பூனை காத்தீனோ, பூனைக்குட்டி காத்தீதோ. 'ஏயோ' என்று முடித்தால் இடம். நித்திரை கொள்ளும் இடம் டோர்மேயோ, சமைக்கும் இடம் கூயிரேயோ, படிக்கும் இடம் லேர்னேயோ. முன்னால் 'மால்' சேர்த்தால் எதிர்ச்சொல். போனா நல்லது, மால்போனா கெட்டது. வார்மா சூடு, மால்வார்மா குளிர். சாத்தா என்றால் வயிறு நிறைந்த, மால்சாத்தா என்றால் பசித்த. ஆஸ்பத்திரிக்கு மால்சானூலேயோ. நீளமாக இருந்தாலும் பிரித்துப் பார்த்தால் 'சுகமில்லாதவர் இருக்கும் இடம்' என்பதுதான் பொருள். இப்படி நூறு வேர்ச்சொல் தெரிந்தால் பல நூறு சொற்களை நாமே ஆக்கிக் கொள்ளலாம்.

குறை இல்லாமலும் இல்லை. தகப்பன் பாத்ரோ, தாய் பாத்ரீனோ. அதாவது தகப்பனில் இருந்துதான் தாயை உண்டாக்க வேண்டியிருக்கிறது. புதிதாக ஒரு மொழியை ஆக்கும்போதும் ஆணையே மூலமாக வைத்துவிட்டார்களே என்று சமூகவியல் படித்த எனக்குத் தோன்றியது. இதே குறையை எஸ்பெராந்தோ பேசுவோரில் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

மொழியால் பிரிந்த ஊரில் பிறந்தவர்

இந்த மொழியை உருவாக்கியவர் லுட்விக் சாமென்ஹோவ். 1859இல், அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்த, இன்று போலந்திலுள்ள பியாவிஸ்தோக் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊரில் ரஷ்யர், போலந்துக்காரர், ஜேர்மானியர், யூதர் என்று நான்கு சமூகங்கள் இருந்தன. ஒருவர் மொழியை மற்றவர் சந்தேகத்தோடு கேட்டனர். எவருக்கும் தாய்மொழியாக இல்லாத, எல்லோரும் சமமாக நின்று படிக்கக்கூடிய ஒரு பொதுமொழி இருந்தால் இந்தப் பகை குறையாதா என்று சிறுவயதிலேயே அவர் யோசித்தார்.

வளர்ந்து வார்சோ நகரில் கண் வைத்தியரானார். 1887இல் 16 இலக்கண விதிகளும் சுமார் 900 வேர்ச்சொற்களும் கொண்ட சிறு புத்தகத்தை 'டொக்டர் எஸ்பெராந்தோ' என்ற புனைபெயரில் வெளியிட்டார். 'நம்பிக்கையோடு இருப்பவர்' என்பது அதன் பொருள். அந்தப் பெயரே பின்னர் மொழிக்கும் ஆயிற்று. அதே வருடம் அவர் மணந்த கிளாராவின் சீதனத்தில் பெரும்பகுதி இம்மொழிக்கான வெளியீடுகளிலேயே செலவாயிற்று என்பதை நாம் மறக்கக் கூடாது.

1905இல் பிரான்சில் நடந்த முதலாவது உலக மாநாட்டுக்குப் பல நாடுகளில் இருந்தும் நூற்றுக்கணக்கானோர் வந்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கதைத்தார்கள். ஆனால் அடுத்த வருடமே சாமென்ஹோவ் பிறந்த ஊரில் யூதர்கள் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. 1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டது. அப்போது சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில் இருந்த உலக எஸ்பெராந்தோச் சங்கம், எதிரி நாடுகளில் அகப்பட்டுப் பிரிந்திருந்த குடும்பங்களுக்கிடையே கடிதங்களை வாங்கி அனுப்பிக் கொடுத்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதத்துக்காகக் காத்திருந்த எமது தாய்மாருக்கு, அந்த ஒரு கடிதத்தின் பெறுமதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

சாமென்ஹோவ் 1917இல் காலமானார். அவருடைய கடைசி மகள் லிடியா சட்டம் படித்தவர். ஆனால் வாழ்நாளை எஸ்பெராந்தோ கற்பிப்பதிலேயே செலவிட்டார். அவர் கையாண்டது அந்திரேயோ சே என்ற பாதிரியார் வகுத்த முறை. பாடப்புத்தகமோ மொழிபெயர்ப்போ கிடையாது. கண்முன் இருக்கும் பொருளைக் காட்டிக் கேள்வி கேட்பது, எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வது, இடையிடையே பகிடி விட்டுச் சிரிக்க வைப்பது, இவ்வளவுதான். இதைப் பற்றி வாசித்தபோது, நான் அடுப்படியில் பூனையோடு செய்ததற்கும் ஒரு மரபு இருக்கிறதென்று சந்தோசப்பட்டேன்.

அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. நாஜிகள் போலந்தைப் பிடித்தபின் லிடியாவின் அண்ணன் ஆதாம் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லிடியாவும் பிள்ளை வைத்தியரான அக்கா சோபியாவும் 1942இல் திரெப்ளிங்கா கொலைமுகாமில் கொல்லப்பட்டார்கள். உலகம் ஒன்றாகக் கதைக்க வேண்டும் என்று விரும்பியவரின் பிள்ளைகள் மூவரையும் யுத்தம் கொண்டு போயிற்று.

தையல் நிலையத்தில் ஒரு காத்தீதோ

அப்படியானால் இந்த மொழியால் யாருக்கு என்ன பயன்? இக்கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எங்கள் தையல் நிலையத்துப் பெண்கள்.

அந்த வருடம் சாம்பி மூன்று குட்டி போட்டாள். ஒரு குட்டியை எலித் தொல்லைக்கென்று நிலையத்துக்குக் கொண்டு போனேன். தேநீர் நேரத்தில் அதைக் காட்டி விளையாட்டாக நான்கு சொற்கள் சொல்லிக் கொடுத்தேன். "கீயே எஸ்தாஸ் லா காத்தீதோ?" (பூனைக்குட்டி எங்கே?) என்று கேட்பேன். "சுப் லா தாப்லோ!" (மேசைக்குக் கீழே) என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவரும் உயர்தரம் படித்தவரும் அங்கே ஒன்றுதான். ஒருவருக்கும் இந்த மொழி முன்பே தெரியாது. அதனால் பிழை விட்டால் வெட்கப்படவும் தேவையில்லை.

ஒருநாள் 'ஆமீக்கோ' என்றால் நண்பன், அதற்கு 'மால்' சேர்த்து 'மாலாமீக்கோ' என்றால் எதிரி என்று சொன்னேன்.

"அப்ப எதிரி எண்டு சொல்லவும் நண்பன் எண்ட சொல்லை வாயிலை எடுக்க வேணுமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"சொல் அப்பிடி இருக்கலாம். ஆக்கள் அப்பிடி இல்லைப் பிள்ளை" என்றார் மூலையில் இருந்த ஒரு அக்கா. அவர் 2009இல் காணாமற்போன கணவரைத் தேடி அலைபவர். அவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு அவரே சொன்னார்: "ஆனா இந்தப் பாஷையிலை ஆரும் என்னை ஏசினதில்லை. சிங்களத்திலை எனக்குத் தெரிஞ்ச சொல் எல்லாம் சென்றியிலை கேட்ட சொல்தான். நில், போ, பிறகு வா."

அவர் சொன்னது என் மனதைத் தைத்தது. ஒரு மொழி எமக்குக் கட்டளையாக மட்டுமே வந்திருந்தால், அதைப் படிக்க மனம் எப்படி வரும்? சிங்களம் படிக்கச் சொல்லி நாங்கள் எத்தனை வகுப்பு வைத்தோம்! இரண்டாம் வாரமே ஆட்கள் குறைந்து விடுவார்கள். சோம்பல் என்று நினைத்த எனக்கு அன்றுதான் காரணம் விளங்கியது.

அடுத்த கிழமை அதே குட்டியை வைத்துச் சிங்களச் சொற்களைத் தொடங்கினோம். பூனைக்குப் பூசா. (பழந்தமிழிலும் பூனைக்குப் பூசை என்று ஒரு பெயர் உண்டு.) பாலுக்குக் கிரி, மீனுக்கு மாளு. எங்கே என்பதற்குக் கோ. "பூசா கோ?" என்று கேட்டால் எல்லோரும் மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பார்கள். அந்த அக்கா முதல் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் குட்டிக்கு மீன்தலை வைத்துக்கொண்டு மெதுவாக "மாளு" என்றார்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு அலுவலகத்துக்கு அவரோடு போயிருந்தேன். தனிச் சிங்களப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். வழக்கமாக அதை நான்தான் நிரப்புவேன். அன்று நான் வாய் திறப்பதற்கு முன்னர், "தெமள போர்ம் எக்க கோ?" (தமிழ்ப் படிவம் எங்கே?) என்று அவரே கேட்டார். பூனைக்குட்டியைத் தேடிய அதே 'கோ'தான். உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். அரைமணி நேரம் காத்திருந்தோம். உள்ளே எங்கேயோ தேடி, தமிழ்ப் படிவத்தைக் கொண்டு வந்து தந்தார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அந்த உரிமையை எமது மொழியிலேயே கேட்டுப் பெற முடிய வேண்டும். அந்த நிலை முழுதாக வரும்வரை, கேட்பதற்கு நான்கு சொல் கையில் இருப்பது நல்லது.

நீங்களும் தொடங்கலாம்

சகோதரிகளே, சிங்களமோ ஆங்கிலமோ எஸ்பெராந்தோவோ, நீங்கள் விரும்பும் மொழியை இப்படித் தொடங்கிப் பாருங்கள். ஒரு கிழமைக்கு ஐந்து சொல் போதும். வீட்டில் தினமும் கண்ணில் படும் பொருட்களாகப் பார்த்து எடுங்கள். அந்தப் பொருளைத் தொடும்போது மட்டும் சொல்லுங்கள். பால் ஊற்றும்போது பால், கதவைத் திறக்கும்போது கதவு. இரண்டாம் கிழமை 'எங்கே', 'என்ன' என்ற கேள்விச் சொற்களைச் சேருங்கள். மூன்றாம் கிழமை வா, தின், தூங்கு போன்ற வினைகள். பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டால் அவர்கள் உங்களை முந்தி விடுவார்கள். பூனை இல்லாத வீட்டில் ஆடு, கோழி இருக்கும்.

மிருகத்தோடு கதைப்பதில் ஒரு வசதி உண்டு. அது உங்கள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்காது, புள்ளி போடாது, திரும்பத் திரும்பச் சொன்னாலும் சலிக்காது.

தையல் நிலையத்துக் குட்டி இப்போது பெரிய கடுவனாகிவிட்டது. ஆனாலும் அதை இன்னமும் காத்தீதோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தேநீர் நேரத்தில் அந்த அக்கா "பூசா கோ?" என்று கேட்டபடி மீன்தலையோடு மேசைக்குக் கீழே குனிகிறார்.