கடனாக மாறும் அன்பு

பிள்ளைகளுக்கு எதிலும் குறை வைக்காத நடுத்தர வர்க்கம், கொடுக்க மறந்தது எதை? கோட்டா நகரத்து விடுதி அறைகள் ஒரு பதிலை வைத்திருக்கின்றன.

ராஜஸ்தானில் சம்பல் நதிக்கரையில் இருக்கும் கோட்டா நகரில், 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் ஒரு விசித்திரமான உத்தரவைப் பிறப்பித்தது. மாணவர்கள் தங்கும் எல்லா விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் மின்விசிறிகளில் ஸ்பிரிங் கருவி பொருத்த வேண்டும். மனமுடைந்த மாணவர்கள் விபரீத முடிவுக்குப் போவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 20 பேருக்கும் மேல். பெரும்பாலோர் பதின்வயதினர்.

கோட்டாவுக்கு வரும் பிள்ளைகள் கைவிடப்பட்டவர்கள் அல்ல. மெத்தை, மேஜை, ஏ.சி., ஸ்மார்ட்போன், புத்தகக் கட்டுகள் என்று வீட்டார் சக்திக்கு மீறிச் செலவழித்து அனுப்பிவைத்த பிள்ளைகள். பல வீடுகளில் நிலமும் நகையும் இதற்காகவே கைமாறியிருக்கின்றன. எந்தத் தகப்பனும் தாயும் அன்பில்லாமல் இப்படிச் செய்வதில்லை. பிறகு எங்கே பிசகுகிறது?

கோட்டா ஏதோ ஒரு மூலையில் நடக்கும் விபரீதம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் நம் வீடுகளுக்குள் நடப்பதையே அந்த ஊர் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அன்பைச் செலவாக மொழிபெயர்க்கப் பழகிவிட்டோம். செலவு கூடக்கூட, அது பிள்ளையின் மனதில் கடனாகப் பதிவாகிறது.

சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது

கோட்டாவின் கதையே ஒரு சாப்பாட்டு மேஜையில்தான் தொடங்கியது. ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் எஞ்சினியராக இருந்த வி.கே. பன்சல், தசைகள் மெல்ல வலுவிழக்கும் நோய்க்கு ஆளானார். எண்பதுகளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சில மாணவர்களை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தந்தார். அவர்கள் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் வெற்றி பெற, கூட்டம் பெருகியது. 1997-ல் ஆலை மூடப்பட்டது. வேலையிழந்த நகரம் பயிற்சி வகுப்புகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. விடுதிகள், மெஸ்கள், சைக்கிள் கடைகள் என்று நகரமே மாணவர்களை நம்பிப் பிழைக்க ஆரம்பித்தது. 2023 வரை ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் மாணவர்கள் அங்கே வந்தார்கள். பன்சல் 2021-ல் காலமானார்.

வெற்றிக் கதைகள் சுவர் விளம்பரங்களில் சிரிக்கின்றன. கணக்கு வேறு மாதிரி. 2024-ல் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 24 லட்சம் பேர். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.1 லட்சம். அவற்றில் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். அதே ஆண்டு ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740. அதற்கான முதல் படியான ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல்.

அதாவது, எவ்வளவு நன்றாகப் படித்தாலும் பெரும்பாலோர் இடம் கிடைக்காமல் திரும்பித்தான் ஆகவேண்டும். அப்படித் திரும்பும் பிள்ளைக்கு வீட்டுக் கதவு எப்படித் திறக்கும் என்பதே கேள்வி.

பிள்ளையா, முதலீடா?

இன்று பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பெற்றிருப்பவர்களில் பலர், 1991-ன் பொருளாதாரச் சீர்திருத்தத்தோடு வளர்ந்தவர்கள். கேபிள் டி.வி.யையும் வண்ண விளம்பரங்களையும் சிறு வயதிலோ இளமையிலோ பார்த்த தலைமுறை. தங்களுக்குக் கிடைக்காததெல்லாம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்ற அவர்களின் ஆசை நியாயமானது. ஒரு நல்ல கல்லூரி இடம் குடும்பத்தையே கரையேற்றிவிடும் என்ற நம்பிக்கையும் அனுபவத்தில் விளைந்ததுதான். அதைப் பேராசை என்று சொல்வது அநியாயம்.

ஆனால் "நீ படித்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெற்றோர் சொல்லும்போது, பிள்ளையின் காதில் விழுவது வேறு. படிக்காவிட்டால் நான் எதற்கும் லாயக்கில்லை என்றுதான் அவன் கேட்டுக்கொள்கிறான். கட்டணம், விடுதி, சாப்பாடு என்று ஆண்டுக்குச் சில லட்சம் ஆகிறது. வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். தேர்வு மதிப்பெண்கள் பெற்றோரின் செல்போனுக்கே வந்துவிடுகின்றன. இரவுத் தொலைபேசிப் பேச்சு "சாப்பிட்டாயா?" என்று தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் மதிப்பெண்ணுக்கு வந்து நிற்கிறது. பிறகு பேச எதுவும் இருப்பதில்லை.

2023 நவம்பரில் கோட்டா மரணங்கள் குறித்த ஒரு மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், பிரச்சினை பயிற்சி மையங்களிடம் இல்லை, பெற்றோரின் எதிர்பார்ப்புகளில் இருக்கிறது என்று கருத்துச் சொன்னது. 2025 ஜூலையில் அதே நீதிமன்றம், கல்வி நிலையங்களும் பயிற்சி மையங்களும் மாணவர்களின் மனநலத்துக்காகப் பின்பற்றவேண்டிய விதிமுறைகளை வகுத்தது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இது கோட்டாவோடு முடியும் விஷயமும் அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர்.

வசதிக்குள் ஒரு வெறுமை

இந்த வெறுமையை ஆராய்ச்சிபூர்வமாக எடுத்துக்காட்டியவர் ஓர் இந்தியப் பெண். டெல்லியில் பிறந்து, அமெரிக்காவில் உளவியல் பேராசிரியையாக இருந்து, 2023-ல் காலமான சுனியா லூதர். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் கனெக்டிகட் மாநிலத்தின் பணக்காரப் புறநகர் மாணவர்களையும் நகரத்து ஏழை மாணவர்களையும் ஒப்பிட்டார். பதற்றமும் போதைப் பழக்கமும் வசதியான பிள்ளைகளிடமே அதிகமாகத் தென்பட்டன. அவரது தொடர் ஆய்வுகள் இரண்டு காரணங்களைச் சுட்டின. ஒன்று, சாதித்தே தீரவேண்டும் என்ற நெருக்கடி. மற்றொன்று, பெற்றோரிடமிருந்து உடலாலும் மனதாலும் விலகியிருப்பது.

லூதரும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அன்பான குணத்தைவிடச் சாதனையையே பெற்றோர் பெரிதாக மதிக்கிறார்கள் என்று நினைத்த ஆறாம் வகுப்பு மாணவர்கள், மனநலத்தில் மட்டுமல்ல, மதிப்பெண்ணிலும் பின்தங்கியிருந்தார்கள். எதற்காக நெருக்குகிறோமோ, அதுவே கைநழுவுகிறது.

பிள்ளைக்கு வேண்டியது உணவும் வசதியும் மட்டும்தானா என்ற கேள்வி அதற்கும் முந்தியது. 1958-ல் ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குக் குட்டிகளை வைத்து நடத்திய பரிசோதனைகளைப் பற்றி அறிவித்தார். தாயைப் பிரிந்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள் தரப்பட்டன. ஒன்று கம்பியால் ஆனது, பால் புட்டி பொருத்தியது. மற்றொன்று மென்துணி போர்த்தியது, பால் இல்லாதது. குட்டிகள் பாலைக் கம்பித் தாயிடம் குடித்துவிட்டு, துணித் தாயிடமே ஓடி ஒட்டிக்கொண்டன. இன்று கொடுமை என்று கண்டிக்கப்படும் பரிசோதனை அது. ஆனால் கற்பித்த பாடம் அழியவில்லை: ஊட்டுவது வேறு, அணைப்பது வேறு.

நேரம் யாரிடம் இருக்கிறது?

"பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள்" என்று உபதேசிப்பது எளிது. விடிவதற்குள் ரயிலைப் பிடித்து, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் மும்பைக்காரரிடம் அதைச் சொல்ல முடியுமா? கேட்டால் கசப்பாகச் சிரிப்பார். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். தாய்க்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் தந்தது. தகப்பன்களைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு.

வீட்டுக்குள்ளும் பங்கீடு சமமாக இல்லை. 2024-ன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பதில் நாளுக்குச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் 21 சதவீதத்தினர்தான் இதில் ஈடுபடுகிறார்கள், அதுவும் 74 நிமிடம். பாதிப் பெற்றோர் இல்லாமலே பல பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இல்லாத நேரத்தை ஈடுகட்டப் பொருள்கள் வருகின்றன. குழந்தை அடம்பிடிக்காமல் சாப்பிட ஒரு செல்போன், தாமதமாக வந்ததற்கு ஒரு பொம்மை, பிறந்தநாளுக்கு வாடகை மண்டபம். ஒரு வயதுவரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. எத்தனை வீடுகளில் நடக்கிறது?

அருகில் இருப்பது மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. கோட்டாவில் பல தாய்மார்கள் பிள்ளையோடு வாடகை அறையில் தங்கிச் சமைத்துப் போடுகிறார்கள். பெரிய தியாகம்தான். ஆனால் அந்த இருப்பு மேற்பார்வையாக மாறினால், பிள்ளையின் தலையில் இன்னொரு கடன் ஏறுகிறது. கண்காணிக்கும் கண்ணுக்கும் கேட்கும் காதுக்கும் உள்ள வேற்றுமையைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஒருவேளைச் சாப்பாடு

அரசு தன் பங்குக்கு விதிகள் போட்டது. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக்கூடாது, நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது என்கின்றன. அதே ஆண்டு கோட்டாவின் மாவட்ட ஆட்சியர் ரவீந்திர கோஸ்வாமி இன்னொன்றும் செய்தார். விடுதிகளுக்குப் போய் மாணவர்களோடு உட்கார்ந்து இரவு உணவு சாப்பிட்டார். டாக்டருக்குப் படித்த அவர், மருத்துவ நுழைவுத் தேர்வின் முதல் முயற்சியில் தானும் தோற்றதைக் கடிதமாக எழுதிப் பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் தெரிவித்தார்.

ஒரு மாவட்டத்தின் ஆட்சியர் வந்து செய்யவேண்டியிருந்த காரியம் எவ்வளவு சாதாரணமானது என்று பாருங்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுவது, தன் தோல்வியைச் சொல்வது, பிள்ளைகள் பேசுவதைக் கேட்பது. லூதரின் ஆய்வுகளிலும் இதே விஷயம் வருகிறது. வாரத்தில் பெரும்பாலான இரவுகள் பெற்றோரில் ஒருவரோடாவது உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள், படிப்பிலும் மனநலத்திலும் மேலாக இருந்தார்கள். இதற்குப் பணம் தேவையில்லை. பிரமாதமான சமையலும் தேவையில்லை. அரைமணி நேரம் போதும். செல்போன் வேறு அறையில் இருக்கவேண்டும், மதிப்பெண் பேச்சு வரக்கூடாது. தொலைவில் இருக்கும் பிள்ளையோடு தொலைபேசியிலும் இப்படிப் பேச முடியும். இன்று மழை பெய்ததா, மெஸ்ஸில் என்ன குழம்பு, யாரோடு சண்டை?

இவை வெட்டிப் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் இப்படிப் பேசிப் பழகிய பிள்ளைக்குத்தான் ஒருநாள் "என்னால் முடியவில்லை அப்பா" என்று சொல்ல வாய் வரும். அதைச் சொல்லிவிட்டாலே பாதி ஆபத்து விலகும். மீதிக்கு உதவி இருக்கிறது: மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

ஸ்பிரிங் விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கட்டும், ஓர் உயிரைக் காத்தாலும் லாபம்தான். ஆனால் இடம் கிடைக்காமல் ஊர் திரும்பும் பிள்ளையை ரயிலடியில் சிரித்த முகத்தோடு எதிர்கொள்ள எந்தக் கருவியும் வராது. அந்த வேலையை அப்பாவும் அம்மாவும்தான் செய்யவேண்டும்.